இறகு கொட்டும் காக்டெயில்: எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஏழு மாதக் காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி இனம்) ஒன்று. பத்து நாளாகக் கூண்டுத் தரையெல்லாம் இறகு. தலையில் முள் முள்ளாக ஏதோ நிற்கிறது. தோளில் உட்கார்ந்து விசிலடித்த பறவை இப்போது கையை நீட்டினால் கொத்துகிறது, மத்தியானமெல்லாம் தூங்குகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பறவையை விற்ற கடைக்கார அண்ணாச்சி வைட்டமின் சொட்டு மருந்து ஒரு புட்டி கொடுத்துவிட்டார். எதைக் கேட்பது என்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது நோயா என்பது ஒன்று. நோயில்லை என்றாலும் அது படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையே என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் நல்ல மனசுக்காரர்கள் பறவையைப் பாடாய்ப் படுத்திவிடுகிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கால்நடை மருத்துவர். வேலைக்காலம் முழுக்க மாடு, ஆடு, கோழி என்றே போனது. கூண்டுப் பறவை வைத்தியம் வீட்டில் காக்டெயிலும் லவ்பேர்ட்ஸும் வளர்க்க ஆரம்பித்த பிறகு, பாதி படித்தும் பாதி பட்டும் தெரிந்துகொண்டது. ஆகவே நேரில் பார்க்காமல் உங்கள் பறவைக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். எதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், எதைப் பார்த்தால் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஏழு மாதத்தில் காக்டெயில் இறகு கொட்டுவது பருவம், வியாதி அல்ல. குஞ்சுப் பருவத்து இறகுகளை ஆறு மாதத்துக்கு மேல் முதல் முறையாகக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளும். உங்களுடையது சாதாரணச் சாம்பல் நிறமாக இருந்தால் இந்தச் சுற்று முடியும்போது ஆணா பெண்ணா என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும். ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலின் அடிப்பக்கத்துக் கோடுகள் மறையும். நாட்டுக்கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இறகு கொட்டுவதை விளக்கவே வேண்டாம். ஒழுங்காக முட்டையிட்ட கோழி திடீரென்று நிறுத்திவிடும். கழுத்தெல்லாம் கலைந்து பார்க்கச் சகிக்காமல் நிற்கும். "இறகு கொட்டுது, இப்பம் முட்டை வராது" என்று சொல்லிவிட்டு எங்கள் ஆச்சி தவிட்டில் ஒரு பிடி கருவாட்டுத் தூளைக் கலந்து வைப்பார். முட்டைக்குப் போக வேண்டிய புரதம் இறகுக்குப் போகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. இறகில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கெரட்டின் என்ற புரதம், நம் நகத்திலும் முடியிலும் இருப்பது அதன் இன்னொரு வகை. பழையதைத் தள்ளிப் புதியதை நெய்வது பறவைக்குப் பெரிய வேலை. அதனால்தான் தூக்கம், அதனால்தான் மௌனம். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

சரியான இறகு உதிர்வில் ஓர் ஒழுங்கு இருக்கும். சிறகின் பெரிய இறகுகள் இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து, ஒன்றிரண்டாக விழும். கிளி இனங்களில் வெளிச்சிறகு நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் பரவும். எல்லாம் ஒரே நாளில் விழுந்தால் பறவை பறக்க முடியாமல் போய்விடும் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கூண்டில் எத்தனை இறகு கிடந்தாலும் பறவையின் உடம்பில் தோல் தெரியும் வழுக்கை இருக்கக்கூடாது. இதுதான் நான் சொல்லும் முதல் சோதனை. மார்பிலோ சிறகின் அடியிலோ காலிலோ தோல் தெரிந்தால், விழுந்த இறகின் தண்டு கடித்து நசுக்கியதுபோல் இருந்தால், அல்லது பறவைக்கு எட்டாத தலை மட்டும் அழகாக இருந்து கழுத்துக்குக் கீழே மட்டும் கெட்டிருந்தால், அது தானே பிடுங்குகிறது என்று பொருள். அதன் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணும் உள்ள லூட்டினோ வகையில் பலவற்றுக்குக் கொண்டைக்குப் பின்னால் சின்ன வழுக்கை பிறவியிலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பதறிப்போய் வந்தவர்கள் பலர்.

அந்த முள் என்னவென்று கேட்டிருந்தீர்கள். புது இறகு குருத்து மாதிரி ஓர் உறைக்குள் சுருண்டு வருகிறது. வளரும் வரைக்கும் அதற்குள் இரத்தம் ஓடும். அடிப்பாகம் கருநீலமாகத் தெரிவது அதுதான். அதை அழுத்தினால் வலிக்கும், சந்தேகமில்லை. இறகு முதிர்ந்ததும் இரத்தம் பின்வாங்கும், உறை காய்ந்து வெள்ளையாகி உமிபோல் உதிரும். கூண்டைச் சுற்றி விழும் வெள்ளைப் பொடியில் பாதி இந்த உமி. மீதி காக்டெயிலுக்கே உரிய இறகுத் தூள், அது பொடுகு இல்லை. வீட்டில் மூச்சு இழுப்பு உள்ளவர் இருந்தால் மட்டும் ஈரத்துணியால் தினமும் துடையுங்கள். உடம்பிலுள்ள உறைகளைப் பறவை அலகால் தானே பிரித்துக்கொள்ளும். தலைக்கும் கழுத்துக்கும் அலகு எட்டாது. ஜோடி இருந்தால் ஜோடி கோதிவிடும், ஒற்றைப் பறவைக்கு அந்த வேலை நமக்கு. அதற்கும் ஒரு நேரம் உண்டு. அது தானாகத் தலையைக் குனிந்து கொடுக்கும்போது, முழுக்க வெள்ளையாகக் காய்ந்த முள்ளை மட்டும், விரல் நுனிகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டினால் உறை நொறுங்கிவிடும். அடியில் கருமை தெரிந்தால் தொட வேண்டாம். முதுகிலும் சிறகிலும் கையே வைக்க வேண்டாம். கொத்தினால் திட்டாமல் கையை எடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் வலுக்கட்டாயமாகப் பிடித்துக் கொஞ்சிய பறவை பிறகும் கையைக் கண்டால் ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இரத்தம் ஓடும் இறகு உடைந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சமையலறைச் சோளமாவை ஒரு சிட்டிகை அந்த இடத்தில் வைத்து, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். மார்பை இறுக்கிவிடாதீர்கள், மார்பு விரிந்தால்தான் பறவைக்கு மூச்சு. நின்றதும் இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், அவ்வளவு சின்ன உடம்பில் இருக்கும் இரத்தமே கொஞ்சம். உடைந்த இறகைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பி, என் சொந்தப் பறவைக்கு இடுக்கியால் பிடுங்கினேன். இரத்தம் நின்றது. இறகு முளைக்கும் குழி கெட்டுப்போனது. அதன் பிறகு அந்த இடத்தில் வந்த இறகு ஒவ்வொன்றும் கோணலாகவே வந்தது. தானாக நிற்கும் இரத்தத்துக்காக வீட்டில் யாரும் பிடுங்க வேண்டாம்.

கடையில் வாங்கிய பறவை என்கிறீர்களே, சிறகு வெட்டித்தான் கொடுத்திருப்பார்கள். வெட்டிய இறகு தானாக வளராது. அது விழுந்து புதிது முளைத்தால்தான் உண்டு. அப்படி முளைக்கும் இளம் இறகுக்கு இரு பக்கமும் முழு இறகுகள் காவலாக நிற்க வேண்டும். பக்கத்திலிருப்பதெல்லாம் வெட்டுப்பட்டு நிற்பதால் இது தனியாக நீட்டிக்கொண்டு, எதில் இடித்தாலும் உடைகிறது. ஆகவே இந்த மாதங்களில் மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள், கூண்டில் ஊஞ்சலையும் பொம்மையையும் நெருக்கி வைக்காதீர்கள். காக்டெயிலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இரவில் பல்லி ஓடினாலோ, மின்சாரம் போய் வந்தாலோ திடுக்கிட்டு எழுந்து கூண்டுக்குள் கண்மண் தெரியாமல் அடித்துக்கொள்ளும். நான் பார்த்த இறகு முறிவுகளில் பாதி இப்படி ராத்திரியில் நடந்தவை. மங்கலான இரவு விளக்கு ஒன்று போதும்.

இப்போது சாப்பாடு. உண்மையில் உதவி செய்யக்கூடிய இடம் இதுதான். தினையும் பனிவரகும் சூரியகாந்தி விதையும் கலந்த பொட்டலம் மட்டும் தின்னும் பறவைக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் கிடைக்கும். இறகுக்கு வேண்டிய கந்தகம் கலந்த அமினோ அமிலங்களும் வைட்டமின் ஏ-யும் அதில் போதாது. எங்கள் ஆச்சியின் கருவாட்டுத் தூளுக்கு இங்கே பதில் அவித்த முட்டை. (கருவாட்டையே வைத்துவிடாதீர்கள், உப்பு பறவைக்கு ஆகாது.) நன்றாக வெந்த முட்டையை உதிர்த்து ஒரு தேக்கரண்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள். தினமும் கொடுத்தால் சில பெண் பறவைகள் இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்று நினைத்து முட்டையிட ஆரம்பித்துவிடும், அது இன்னொரு தொல்லை. முளைகட்டிய பாசிப்பயறு நல்லது, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் வைத்து, மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். முருங்கைக்கீரையை ஒரு கொத்தாகக் கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் பறவைக்குச் சாப்பாடும் ஆச்சு, பொழுதுபோக்கும் ஆச்சு. துருவிய கேரட், மஞ்சள் பூசணி, ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் அவித்த சீனிக்கிழங்கு, இவையெல்லாம் வைட்டமின் ஏ-க்கு.

கிளிக்குப் பழுத்த மிளகாய் போடும் நம் பழைய வழக்கம் மூடநம்பிக்கை இல்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. சிவந்த மிளகாயில் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து நிறைய. வேலியில் பழுக்கும் கோவைப்பழமும் கொடுக்கலாம், மருந்தடித்த வயலோரத்தில் பறித்ததாக மட்டும் இருக்கக்கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உவரிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கரையிலேயே பொறுக்கி வரலாம், பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்துக் கட்டுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், பூசணம் பிடித்த கடலை எதுவும் வேண்டாம்.

அண்ணாச்சி கொடுத்த சொட்டு மருந்துக்கு வருவோம். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அது சீக்கிரம் வீரியம் இழக்கும், தண்ணீரில் கிருமி வளர வழி செய்யும். சுவை மாறியதால் பறவை தண்ணீரே குடிக்காமல் விட்டால் நட்டம் இரட்டிப்பு. எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று எப்படிச் சொல்வது? வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவு மீறினால் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்பவை. முட்டை, கீரை, காய் தின்னும் பறவைக்கு அந்தப் புட்டி தேவைப்படாது. செள்ளுக்கென்று சில கடைகளில் கழுத்தில் விடச் சொல்லும் மருந்து இன்னும் ஆபத்தானது. அது எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டியது. நூறு கிராம் உடம்புக்கு ஒரு துளி கூடினாலும் அதிகம்தான்.

குளியல் நிச்சயமாக உதவும். ஈரம் பட்டால் காய்ந்த உறை இளகி எளிதாகப் பிரியும். கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர், மேலிருந்து தூறல் மாதிரி விழட்டும், முகத்தில் பீய்ச்ச வேண்டாம். பிடிக்காத பறவைக்குத் தட்டையான தட்டில் தண்ணீர் வையுங்கள், ஈரமான கீரைக்கட்டில் புரண்டு குளிக்கும் பறவைகளும் உண்டு. காலையிலேயே முடித்துவிட வேண்டும், ராத்திரிக்குள் நன்றாகக் காய வேண்டும். சோப்பு, ஷாம்பு, மஞ்சள் எதுவும் சேர்க்காதீர்கள். வேப்பெண்ணெயைப் பொறுத்தவரை, ஆச்சி சொல்வதன் நோக்கம் நல்லது, நம் தலைமுடிக்கு அது பொருந்தும். இறகு என்பது நுண்ணிய கொக்கிகளால் கோத்த துணி மாதிரி, அதற்குள் நிற்கும் காற்றுதான் பறவைக்குப் போர்வை. எண்ணெய் பட்டால் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும், போர்வை போய்விடும். அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்கும் போகும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். கற்றாழைச் சாற்றைத் தெளித்தால் அரிப்பு அடங்குகிறது என்று வளர்ப்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். தண்ணீரைவிட அது மேல் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, நான் தண்ணீரோடு நின்றுவிடுகிறேன்.

ஆனி, ஆடியில் பொதிகைப் பக்கமிருந்து வரும் காற்றைத் வீட்டு முன்புறத் தார்சாவில் தொங்கும் கூண்டு நேராக வாங்கும். இறகு குறைந்த பறவைக்கு அந்தக் காற்றும், ஐப்பசி மழை ராத்திரிகளும் குளிர்தான். கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் பாருங்கள். தூக்கம் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். டிவி ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால் இது நடக்காது. இறகு உதிர்வதற்கும் பகல் நீளத்துக்கும் தொடர்பு உண்டு என்பது தெரிந்த விஷயம். ஆனால் திருநெல்வேலியில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். காக்டெயிலோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, மழையைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பது. அது நம் வீட்டுக்குள் எந்தக் கணக்கை வைத்து இறகு கொட்டுகிறது என்பதில் எனக்கே பிடி கிடைத்ததில்லை. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு முறை என்பது சரி, எந்த மாதம் என்று சொன்னால் அது ஊகம். காலை இளவெயில் அரை மணி நேரம் காட்டுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிர் உள்ளே வராது.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இது இறகு கொட்டாத காலத்துக்கும் பொருந்தும். நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் காய்ந்து கருகும் அளவு சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, அந்துருண்டை இவற்றையும் கூண்டுள்ள அறையில் தவிர்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது பனைப்பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக்கும் இதே பக்குவமா என்று கேட்கலாம். பக்குவம் ஒன்றுதான், ஆனால் நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம். மொட்டைப் பனையில் குடியிருக்கும் அது, எந்த ஆச்சியின் முட்டையும் இல்லாமல் வருஷா வருஷம் இறகு மாற்றிக்கொள்கிறது. வனத்துறையிடம் சொல்லி ஒப்படைத்துவிடுவதே சரி.

கடைசியாக, எப்போது கிளம்ப வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை போட்டு எழுதிவையுங்கள். வளர்ந்த காக்டெயில் ஏறக்குறைய எண்பதிலிருந்து நூறு கிராம் சொச்சம் இருக்கும். அந்த எண்ணைவிட உங்கள் பறவையின் சொந்த எடை எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். மத்தியானம் தூங்குவது சரி. பகல் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தால் அது தூக்கம் அல்ல. மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சத்தின் நிறமோ தண்ணீரோ மாறுவது, புது இறகே சுருண்டும் இறுகியும் உறை பிரியாமலும் வருவது, அலகு மாற்றம் காண்பது, இவற்றைப் பார்த்தாலும் கிளம்ப வேண்டியதுதான். கடைசியில் சொன்ன இரண்டும் சேர்ந்தால் அலகு, இறகு இரண்டையும் தாக்கும் ஒரு வைரஸ் நோயை நினைக்க வேண்டும். காக்டெயிலில் அது அபூர்வம், வீட்டில் லவ்பேர்ட்ஸும் இருந்தால் அவ்வளவு அபூர்வம் இல்லை. பரிசோதனை செய்தால்தான் தெரியும், படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் முடியாது. இறகின் குறுக்கே வரிவரியாகக் கோடு இருந்தால் அந்த இறகு வளர்ந்த நாளில் பறவைக்குப் பசியோ பயமோ இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டில் இருந்தால் பரவாயில்லை.

உங்களுக்குப் பக்கம் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. போவதென்றால் உதிர்ந்த இறகில் நாலைந்தைக் காகித உறையில் போட்டுக்கொள்ளுங்கள். கூண்டுத் தரையில் விரித்த அன்றைய காகிதத்தை எச்சத்தோடு அப்படியே மடித்து எடுங்கள். எடை எழுதிய தாளும் அண்ணாச்சி கொடுத்த புட்டியும் கையில் இருக்கட்டும், அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். பஸ்ஸில் போனால் கூண்டைத் துணியால் மூடி, காற்று முகத்தில் அடிக்காத பக்கமாக உட்காருங்கள்.